வள்ளம் இறக்கும் முன்: கடல் முன்னறிவிப்பு பற்றிய கேள்வி பதில்

குமரிக் கடற்கரை மீனவர்களுக்குக் கடல், வானிலை முன்னறிவிப்புகளைத் தமிழில் குரல் பதிவாக அனுப்பும் வேலை என்னுடையது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, அலை 2 மீட்டர் என்று போட்டிருந்ததை நம்பி வள்ளம் இறக்கினோம். மூணு மீட்டருக்கு மேலே தூக்கியது. கணக்கு தப்பா? (வள்ளத் தொழிலாளி, குளச்சல்)

கணக்கு சரிதான் தம்பி, அதைச் சொன்ன விதத்தில்தான் குறை. வருகிற அலைகளில் பெரியவையாக மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரி உயரத்தைத்தான் ‘அலை உயரம்’ என்று போடுகிறார்கள். ஆகவே 2 மீட்டர் என்றால் இடையிடையே மூன்றரை, நாலு மீட்டர்கூட எழும்பும். படிக்கிற யாருமே 2 மீட்டரை உச்ச அளவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் பதிவில் “அலை ரெண்டு மீட்டர், நடுவுல நாலு வரைக்கும் தூக்கும்” என்றே சொல்கிறோம்.

அடுத்த அலை எத்தனை நொடியில் வரும் என்பதையும் பாருங்கள். அதே 2 மீட்டர் அலை 6 நொடிக்கு ஒன்றாக வந்தால் வள்ளத்தைப் போட்டு உலுக்கும். 15 நொடிக்கு ஒன்று என்றால் ஆழ்கடலில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கரைக்கும் துறைமுக வாயிலுக்கும் வரும்போது உயர்ந்து உடையும். எனக்குக் கேட்டால் மீட்டரைவிட இந்த நொடிக்கணக்குதான் முக்கியம். பல செய்திக்குறிப்புகளில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

காற்றே இல்லை, மழையும் இல்லை. கடல் எப்படி வீட்டு வாசலுக்கு வருகிறது? (இல்லத்தரசி, பூத்துறை)

அதுதான் அம்மா கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயலால் கிளம்பும் நீண்ட அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி நம் கரைக்கு வந்து சேரும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். வந்து சேரச் சில நாட்கள் ஆவதால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் சொல்லவும் செய்கிறது. 2024 மே மாதம் நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இறந்தார்களே, அந்த நாட்களிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மணலில் நிற்பவரின் காதுக்கு அது போய்ச் சேர வேண்டும். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

மீன் இருக்கும் இடத்தை சாட்டிலைட் காட்டும் என்கிறார்களே? (விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி)

மீனை நேரடியாகக் காட்டாது. கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும், அதிலுள்ள நுண்பாசிகளின் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடக்கூடிய இடத்தின் திசை, தூரம், ஆழம் தருவார்கள். மேகம் மூடினால் கிடைக்காது.

செயலி ஒன்று செய்கிறோம் சார். தரவு எங்கே எடுப்பது, எப்படிக் காட்டுவது? (பொறியியல் மாணவி, நாகர்கோவில்)

தரவுக்குப் பஞ்சமில்லை. இன்காய்ஸும் வானிலைத் துறையும் இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. செயலி எழுதும் முன் ஒரு சாயங்காலம் கடற்கரைக்குப் போய், ஐஸும் டீசலும் எப்போது வாங்குகிறார்கள் என்று பாரும்மா. போவதா வேண்டாமா என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. இரவு பத்து மணிக்கு வரும் துல்லியமான தகவலைவிட மாலை ஐந்து மணிக்கு வரும் சுமாரான தகவல் அவர்களுக்கு உதவும்.

அம்புக்குறியிலும் கவனம் வேண்டும். காற்று ‘தெற்கு’ என்றால் தெற்கிலிருந்து வீசுவது. நீரோட்டம் ‘தெற்கு’ என்றால் தெற்கு நோக்கி ஓடுவது. ஒரே திரையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால் ஆள் குழம்பிப்போவார். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று மீனவர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயரைப் போடுங்கள். நீரோட்டத்துக்கு “வடக்கே இழுக்கும்” என்று எழுதுங்கள். எழுத்தோடு குரலும் இருக்கட்டும். சிக்னல் போன பிறகும் கடைசியாக வந்த தகவல் போனில் நிற்க வேண்டும்.

இந்த வேலை நம் பக்கத்தில் புதிதில்லை. 1990களின் கடைசியிலேயே புதுச்சேரி வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் வழியாக, அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்ட அலை முன்னறிவிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பாம்பனில் இன்று மீனவர்களுக்கான கடல் ஓசை எஃப்.எம். வானொலி இருக்கிறது.

நாங்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். எங்களுக்கு எச்சரிக்கை எப்படி வரும்? (தூத்தூர்)

ஒக்கிப் புயல் கேட்க வைத்த கேள்வி இது. 2017 நவம்பர் 30 காலையில் அது புயலாக வலுத்தபோது படகுகள் ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தன. செல்போன் கோபுரம் அங்கே எட்டாது, வயர்லெஸ்ஸும் கொஞ்ச தூரம்தான். செயற்கைக்கோள் வழி மட்டுமே கைகொடுக்கும். 2019இல் வந்த ஜெமினி கருவி ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி உங்கள் போனுக்குத் தரும். அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழியிலும் செய்தி அனுப்பிப் பெற இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும். படகில் பொருத்தியிருந்தால் கிளம்பும் முன் அது வேலை செய்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

போகாதே என்கிறீர்கள், கடல் சும்மா கிடக்கிறது. ஒருநாள் பிழைப்பு போகிறதே? (நாட்டுப்படகு மீனவர், முட்டம்)

உங்கள் கோபம் நியாயம் அண்ணே. மாவட்டம் முழுக்க ஒரே எச்சரிக்கை விட்டால் இப்படித்தான் ஆகும். இனி எந்தக் கரை, எத்தனை மணியிலிருந்து, எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்லப் போகிறோம். நீங்களும் கரையேறியதும் அன்றைய காற்றையும் அலையையும் அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். அதை வைத்து முட்டத்துக்கு எங்கே பிசகுகிறது என்று பார்த்துவிடலாம்.