நோஞ்சான் பையன் பிரீமியர் லீக்ல தாங்குவானா?

கேள்வி (தூத்தூர் வாசகர்): அண்ணே, நான் சப்போர்ட் பண்ற ஃபுட்பால் டீம் இந்த சீசன் ஒரு மிட்ஃபீல்டரை, அதாவது நடுக்களத்துல ஆடுறவனை, வாங்கிருக்கு. பந்து கால்ல ஒட்டிக்கிட்டே போகுது, பாஸ் எல்லாம் அழகு, ஆனா ஆளு ஒல்லிக்குச்சி. டிசம்பர் குளிர்ல, மழையில எதிர் டீம் தடியன் ஒருத்தன் தோளால ஒரு இடி இடிச்சா பையன் விளம்பர போர்டைத் தாண்டிப் போய் விழுவான்னு ஃபிரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க. இந்த உடம்பு இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல தாங்குமா?

பதில்: தம்பி, மொதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கறேன். 2008ல குரோஷியா மிட்ஃபீல்டர் லூகா மோட்ரிச்சை லண்டன் டீம் டாட்டன்ஹாம் 16.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்குனப்போ உங்க ஃபிரெண்ட்ஸ் சொன்னதையே நானும் சொன்னேன், பொங்கலுக்குள்ள பையன் பெட்டியக் கட்டிருவான்னு ஆபீஸ்ல பந்தயம் வேற கட்டி, கடைசில ரெண்டு பேருக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். அதனால ஒல்லியா இருக்கானேன்னு யாரையும் தள்ளி வைக்கிற பழக்கத்தை அன்னிக்கே விட்டாச்சு.

ஆனா அந்த சீசன் ஆரம்பத்துல என் பக்கம் நியாயம் இருக்குற மாதிரிதான் தெரிஞ்சுது. டாட்டன்ஹாம் முதல் 8 மேட்ச்ல எடுத்தது வெறும் 2 பாயின்ட். மோட்ரிச் 172 சென்டிமீட்டர் உயரம், தலைல ஹேர்பேண்ட், சட்டை ஒரு சைஸ் பெருசு மாதிரி தொங்கும், பாத்தா ஸ்கூல் பையன். அக்டோபர்ல கோச் வாண்டே ராமோஸை அனுப்பிட்டு ஹாரி ரெட்னாப்பைக் கொண்டு வந்தாங்க. ரெட்னாப் வந்து மோட்ரிச்சை ஜிம்முல போட்டு மாவாட்டலை, பந்தை அவர் கால்ல குடுங்கன்னு விட்டார், கொஞ்ச நாள் இடது பக்கம் ஓட விட்டார், பழகுனதுக்கு அப்புறம்தான் நடுவுல முழுசா நிறுத்துனார். 2009 ஆகஸ்ட்ல பர்மிங்ஹாம் மேட்ச்ல வலது கால் எலும்பு முறிஞ்சுது, பாத்தியா நான் சொல்லலைன்னு எத்தனை பேர் துள்ளுனாங்க தெரியுமா? டிசம்பர் கடைசில வெஸ்ட் ஹாமுக்கு எதிரா திரும்பி வந்த மனுஷன் அந்த மேட்ச்லயே கோல் போட்டார். அந்த சீசன் டாட்டன்ஹாம் நாலாவது இடம் பிடிச்சு, ஐரோப்பாவோட பெரிய கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக் வரைக்கும் போச்சு.

இதுல உடம்பு எங்க வருது? மோட்ரிச் பந்து வாங்குற விதத்தை ஒரு தடவை ஸ்லோ மோஷன்ல போட்டுப் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை தோளுக்கு மேல திரும்பிப் பாத்துருப்பார், உடம்பு பாதி திரும்பிதான் நிக்கும், பின்னாடி தடியன் ஓடி வர்றது தெரிஞ்சதும் முதல் டச்சுலயே பந்தை அவன் வராத பக்கம் தள்ளிடுவார், அவன் இடிக்க வர்ற இடத்துல இவர் இருக்கவே மாட்டார். இடி வாங்குறவனுக்குத்தானே சதை வேணும். அப்படியே மாட்டுனாலும் ஆளு குட்டையா இருக்குறதால இடுப்பைத் தாழ்த்தி, கையக் குறுக்க வச்சு சமாளிச்சுருவார், நெட்டையா இருக்குறவனுக்கு அந்த வளைவு அவ்வளவு சீக்கிரம் வராது.

இன்னொரு விஷயம் நம்மாளுங்க கவனிக்கிறதே இல்ல. இந்த மாதிரி ஆளுங்க எங்க அடிபட்டுக் கத்துக்கிட்டாங்கன்னு பாக்கணும். மோட்ரிச்சை 18 வயசுல அவரோட குரோஷியா கிளப் டினாமோ ஜாக்ரெப், போஸ்னியால ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் டீமுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்குக் கடனா, அனுப்புச்சு. மோசமான கிரவுண்டு, முரட்டு டேக்கிள், ரெஃப்ரி பாதிக்கு விசிலே ஊத மாட்டார். அங்க ஆடுனவன் எங்க வேணாலும் ஆடிருவான்னு அவரே பின்னாடி சொல்லிருக்கார். 170 சென்டிமீட்டர் ஸ்பெயின் மிட்ஃபீல்டர் டேவிட் சில்வாவை அவரோட கிளப் வாலன்சியா 2004ல ஐபார்ங்கிற சின்ன ஊர் டீமுக்கு அனுப்புச்சு, அதுவும் ஸ்பெயின் ரெண்டாவது டிவிஷன். அங்க சேறுலயும் குளிர்லயும் உதை வாங்கித் தேறுன பையன் 2010ல மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து பத்து வருஷம் நின்னார், நாலு தடவை லீக் ஜெயிச்சார், இப்ப ஸ்டேடியம் வாசல்ல சிலையா நிக்கிறார். அதனால உங்க ஆளு இதுக்கு முன்னாடி எங்க ஆடுனான், அகாடமி புல்லுலயேவா இல்ல ஏதாவது பொல்லாத லீக்ல ஒரு சீசன் தேய்ச்சுட்டு வந்தானான்னு மொதல்ல தேடிப் பாருங்க, அவன் எடை எத்தனை கிலோங்கிறதெல்லாம் அப்புறம்.

இப்ப காலமும் கொஞ்சம் சாதகமாத்தான் இருக்கு. பின்னாடி இருந்து ஆபத்தா காலை வாருனா சிவப்பு அட்டை, கிரவுண்டும் பழைய சேத்து வயல் கிடையாது, புல்லோட பிளாஸ்டிக் இழை சேத்துத் தச்ச தரை, ஜனவரியிலயும் பந்து வழுக்கிக்கிட்டு ஓடும். 1980கள்ல இதே பையன் வந்துருந்தா நானும் உங்க ஃபிரெண்ட்ஸ் பக்கம்தான் நின்னுருப்பேன்.

கேள்வி (காரைக்கால் வாசகர்): ஜெயிச்சவங்க பேரா சொல்றீங்க. சின்ன உடம்போட வந்து தோத்தவங்க யாருமே இல்லையா சார்?

பதில்: ஏன் இல்ல, சரியாத்தான் மடக்குறீங்க. ஸ்காட்லாந்து மிட்ஃபீல்டர் பில்லி கில்மரை எடுத்துக்கோங்க. 2021ல நடந்த யூரோல, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையில, ஸ்காட்லாந்துக்காக வெம்ப்ளில இங்கிலாந்தையே 0-0ன்னு நிறுத்துன மேட்ச்ல அந்தப் பையன்தான் மேன் ஆஃப் தி மேட்ச். அதே வருஷம் அவரோட கிளப் செல்சி அவரை நார்விச்சுக்கு லோன்ல அனுப்புச்சு, நார்விச் அந்த சீசன் கடைசி இடம். மேட்ச் முழுக்க எதிராளி கால்ல பந்து, இவர் பின்னாடியே ஓடணும், குட்டி ஆளு பந்தில்லாம ஓடுனா அவன்கிட்ட இருக்குற ஒரே ஆயுதமும் போச்சு. எல்லாரும் எழுதிக் கடாசிட்டாங்க. அப்புறம் பிரைட்டன், அங்கருந்து 2024ல நாப்போலி, 2025ல இத்தாலி சாம்பியன் டீம்ல ஒருத்தர். அதே பையன்தான், உடம்புல ஒண்ணும் மாறலை, பந்தை வச்சு ஆடுற டீமுக்குப் போனதுதான் வித்தியாசம்.

குட்டையா இருந்தா பாஸ் மட்டும்தான் குடுக்க முடியும்னும் நினைச்சுராதீங்க. பிரான்ஸ் மிட்ஃபீல்டர் கான்டே 168 சென்டிமீட்டர், ஒரு காலத்துல பிரான்ஸ் மூணாவது டிவிஷன்ல ஆடிக்கிட்டு இருந்தவர், லெஸ்டருக்கு வந்த முதல் சீசன்லயே 2016 பிரீமியர் லீக் கோப்பை, அடுத்த வருஷம் செல்சிக்குப் போய் அங்கயும் கோப்பை. அவர்கிட்ட பந்தைப் பறிகுடுத்த பெரிய உடம்புக்காரங்களை எண்ணவே முடியாது.

கேள்வி (திருப்பூர் வாசகி): என் பையனுக்கு 13 வயசு, டீம்லயே அவன்தான் பொடிசு. நடு இடத்துல ஆடணும்னு ஆசைப்படுறான், கோச் உடம்பு பத்தாதுன்னு ஓரமா நிறுத்துறார். டானிக் ஏதாவது குடுக்கலாமா?

பதில்: டானிக் எல்லாம் வேணாம்மா, வீட்டுச் சாப்பாடு நேரத்துக்குப் போகுதான்னு மட்டும் பாருங்க. 13 வயசுல ஒருத்தனுக்கு மீசை வந்துரும், ஒருத்தனுக்கு குரலே உடையாது, ரெண்டு பேரையும் ஒரே தராசுல வச்சா பொடிசுதான் தோக்கும். இதுக்காகவே இங்கிலாந்து அகாடமிகள்ல அப்பப்ப வயசை விட்டுட்டு வளர்ச்சிய வச்சுப் பசங்களைப் பிரிச்சு ஆட விடுறாங்க. மோட்ரிச்சையும் சின்ன வயசுல ஹைடுக் ஸ்பிளிட்ங்கிற குரோஷியா கிளப் உடம்பு பத்தாதுன்னு திருப்பி அனுப்புச்சு. கோச்சோட சண்டைக்குப் போகாதீங்க, வாரத்துல ஒரு நாள் பிராக்டிஸ் மேட்ச்லயாவது நடுவுல ஆட விடுங்க சார்னு கேட்டுப் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி திரும்பிப் பாக்குறானான்னு நீங்களே ஓரமா உக்காந்து எண்ணுங்க, அவனுக்கும் விளையாட்டா இருக்கும்.

2022 ஏப்ரல்ல சாம்பியன்ஸ் லீக்ல செல்சிகிட்ட, மோட்ரிச் அப்ப ஆடுன ஸ்பெயின் டீம் ரியல் மாட்ரிட் 0-3ன்னு தவிச்சுக்கிட்டு இருந்தப்போ, நம்ம நேரம் ராத்திரி 2 மணி தாண்டிருச்சு, 36 வயசு மோட்ரிச் வலது காலோட வெளிப்பக்கத்தால ஒரு பந்தை வளைச்சுத் தூக்கிப் போட்டார் பாருங்க, மொத்த டிஃபென்ஸுக்கும் மேல போய் அவரோட டீம்மேட் ரோட்ரிகோ கால்ல இறங்குச்சு, கோல். எங்க வீட்ல நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு லைட் எரிஞ்சுது. யூடியூப்ல இருக்கும், பையனுக்குப் போட்டுக் காட்டுங்க. கூடவே, இவர் பந்து பழகுனது சின்ன வயசுல குரோஷியா யுத்தத்துல வீட்டை விட்டு ஓடி வந்து தங்குன ஸதார் ஊர் ஹோட்டல் ஒண்ணோட கார் பார்க்கிங்லன்னும் சொல்லுங்க, உங்க தெருவுலயும் கார் நிறுத்துற இடம் இருக்கும்ல?