சூழலியல் மாணவர்களுக்கு வெளிநாட்டில் எந்தப் படிப்புத் திட்டம் நல்லது?

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், சூழலியலுக்கு வெளிநாட்டில் பெயர்பெற்ற திட்டங்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தரவரிசையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் போய்வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இளங்கலை படித்தபோது ஒரு செமஸ்டரை கோஸ்டாரிகாவில் கழித்தேன். நடத்துவது ஓ.டி.எஸ். எனப்படும் ஆர்கனைசேஷன் ஃபார் டிராபிக்கல் ஸ்டடீஸ். 1963இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அவர்களுக்கு அங்கே மூன்று களநிலையங்கள்: பாலோ வெர்தே வறண்ட காடும் சதுப்பும், லாஸ் க்ரூசெஸ் மலைக்காடு, லா செல்வா மழைக்காடு. லா செல்வாவில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மி.மீ. மழை. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. துவைத்த சட்டை காய்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அங்கே ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு ஆய்வு செய்ய வேண்டும். நான் இலைவெட்டி எறும்புகளை எடுத்துக்கொண்டேன். மழை வலுத்தால் எறும்புகள் இலைத்துண்டைப் போட்டுவிட்டுக் கூட்டுக்கு ஓடிவிடும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் மழை. சரி, இது ஆகாது என்று இலைச்சருகுக்குள் தவளை எண்ணும் வேலைக்கு மாறினேன். சிறு சதுரம் குறித்து, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ண வேண்டும். சிவப்பு உடம்பும் நீலக் காலுமாக ஒரு நச்சுத்தவளை உண்டு. அது மட்டும் ஒளியாமல் எதிரில் வந்து நிற்கும்.

பார்த்தால் என் கணக்கு ஒன்றுமே இல்லை, மூன்று வார வேலை. ஆனால் அதே நிலையத்தில் 1970 முதல் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், 35 ஆண்டுகளில் சருகில் வாழும் தவளைகளும் பல்லிகளும் சுமார் 75 சதவீதம் குறைந்துவிட்டதாக 2007இல் எழுதியிருந்தார்கள். அதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்! சருகுப் படுகையே மெலிந்துவருவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதைப் படித்த பிறகு என் சதுரங்களில் வெறுமையாக இருந்தவைதான் முக்கியமாகத் தெரிந்தன. அதனால்தான் சொல்கிறேன், நாட்டையும் கடற்கரையையும் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள்; ஒரே இடத்தில் பல்லாண்டுக் கணக்கு வைத்திருக்கும் நிலையமா என்று பாருங்கள்.

எஸ்.எஃப்.எஸ். என்ற ஸ்கூல் ஃபார் ஃபீல்டு ஸ்டடீஸும் நல்ல பெயர் உள்ளதுதான். தான்சானியா, பனாமா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் நடத்துகிறார்கள். என் அறைத்தோழி தான்சானியா போய்வந்து ஒரு வருடம் யானையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஆனால் இவற்றில் ஒரு செமஸ்டருக்கே 20,000 டாலரைத் தாண்டிவிடும். பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து அமைத்தவை. எனக்கும் கல்லூரி உதவித்தொகை இல்லாவிட்டால் நடந்திருக்காது. தமிழ்நாட்டில் படிக்கும் நீங்கள் கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பேன். இளங்கலையை முடித்துவிட்டு, ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைக்கு முயலுங்கள். உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும், இரண்டு ஆண்டுக்கும். கடல் என்றால் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஐ.எம்.பி.ஆர்.சீ என்ற படிப்பு, வெப்பமண்டலக் காடு, அலையாத்தி என்றால் பிரசல்ஸிலிருந்து நடத்தும் டிராப்பிமுண்டோ. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் சேரும் ஆண்டில் உதவித்தொகை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டு, போன வருட மாணவர்கள் செய்த ஆய்வுகளின் தலைப்புகளைக் கேளுங்கள். நான் அன்று விசாரித்த இடங்களில் ஒன்று தலைப்புகளுக்குப் பதில் நீச்சல் குளத்தின் படத்தை அனுப்பியது.