விண்வெளி நிலையத்தில் வேலையும் வேளாண்மையும்: கேள்வி பதில்

காவிரிப் படுகையின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், விண்வெளி நிலையத்தின் அன்றாடப் பணிகளையும் ஆராய்ச்சியையும் பற்றியவற்றுக்கு இங்கே விடை அளிக்கிறேன். இயற்பியல் கற்பித்தவன் என்பதால் காரணங்களைச் சற்று விரித்துச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (கும்பகோணம், பள்ளி ஆசிரியை): விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லை என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் தரலாமா, ஐயா?

பதில்: தர வேண்டாம், அம்மா. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைந்துகொண்டே பூமியை நோக்கி விழுந்துகொண்டும் இருக்கிறது. பூமியின் பரப்பும் வளைந்து விலகிக்கொண்டே போவதால் அது தரையைத் தொடுவதில்லை. நிலையமும், உள்ளே இருப்பவரும், அவர் கையிலுள்ள பேனாவும் ஒன்றாக விழுவதால் எடை உணரப்படுவதில்லை. 'எடையற்ற நிலை' என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை, மருந்துக்கடை நடத்துபவர்): காலை முதல் இரவு வரை அங்கே என்னதான் வேலை செய்கிறார்கள்?

பதில்: நிலையம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கிறது. ஆகவே விடியலை நம்பி வேலையைத் தொடங்க முடியாது. கிரீன்விச் நேரத்தையே கடிகாரமாகக் கொண்டு காலை 6 மணியளவில், அதாவது நமக்கு முற்பகல் பதினொன்றரைக்கு, எழுகிறார்கள். தரைக் கட்டுப்பாட்டு மையங்களுடன் பேசிய பிறகு, திரையில் நிமிடக் கணக்கில் வகுக்கப்பட்ட அட்டவணைப்படி நாள் நகர்கிறது.

அதில் உடற்பயிற்சிக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கப்படுகிறது. பயிற்சி இல்லாவிட்டால் உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கக்கூடும். எடைக்கட்டை அங்கே கனக்காது என்பதால், வெற்றிட உருளைகளின் எதிர்விசையை இழுத்துத் தூக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஓடும்போது தோளிலும் இடுப்பிலும் பட்டை கட்டி உடலைக் கீழே இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். மீதி நேரத்தில் சோதனைகளோடு, காற்று வடிகட்டியைத் தூய்மை செய்வது, கழிப்பறைக் கருவியைப் பழுது பார்ப்பது, வந்த சரக்கை எண்ணி அடுக்குவது ஆகியவையும் உண்டு. இந்தப் பராமரிப்பு வேலையைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். அது நின்றுபோனால் எந்த ஆராய்ச்சியும் நடக்காது என்பதால் அதையும் அறிவியலின் பகுதியாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி (மன்னார்குடி, விவசாயி): அங்கே பயிர் வைக்கிறார்களாமே, தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள்? நெல் விளையுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஐயா. நம் வயலில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். மிஞ்சியதை வடிகாலில் வடித்துவிடலாம். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஊற்றிய நீர் பரப்பு இழுவிசையால் வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு, வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிடுகிறது. அதனால் சுட்ட களிமண் துகளும் மெதுவாகக் கரையும் உரமும் நிரப்பிய சிறு துணிப்பைகளில் விதையை வைத்து, நீரை அளந்து செலுத்துகிறார்கள். இவ்வாறு வளர்த்த சிவப்பு லெட்யூஸ் கீரையை 2015 ஆகஸ்டில் வீரர்கள் அங்கேயே உண்டார்கள்.

அடுத்து வைத்த சின்னியா என்னும் பூச்செடிக்கு ஈரம் மிகுந்து, இலைகளில் பூஞ்சணம் பிடித்தது. விசிறியை வேகப்படுத்தியதும் செடி காய்ந்து வாடத் தொடங்கியது. அட்டவணையிலோ அடுத்த நீர் விடும் நாள் வரவில்லை. அப்போது நிலையத்திலிருந்த ஸ்காட் கெல்லி, செடியை நேரில் பார்ப்பவரே எப்போது நீர் விடுவதென்று முடிவு செய்ய வேண்டும் என்று தரை மையத்திடம் வாதிட்டார். அவர் கேட்ட பொறுப்பு அவருக்கே கிடைத்தது. 2016 ஜனவரியில் செடி பூத்தது. முறை வைத்து நீர் விடுவதற்கும் பயிரின் முகம் பார்த்து விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நெல்லும் விளைந்திருக்கிறது. சீனாவின் தியாங்கொங் நிலையத்தில் 2022 ஜூலை இறுதியில் தொடங்கிய சோதனையில், 120 நாளில் நெல் முளைத்து, கதிர்விட்டு, மீண்டும் விதை தந்தது. நம் குறுவை ரகங்களின் வயதுக்குச் சற்றே கூடுதலான காலம் அது. அறுத்த தாளிலிருந்து மறுதாம்பும் துளிர்த்துக் கதிர் வைத்தது. ஆனால் விளைந்தது ஒரு சிறு பெட்டிக்குள். அங்கிருந்து யாருக்கும் சோறு கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை.

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): தரையில் செய்ய முடியாத எந்த ஆராய்ச்சியை அங்கே செய்கிறார்கள்? இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா என்ன செய்தார்?

பதில்: தரையில் சூடான காற்று மேலே எழும், கனமான துகள் கீழே படியும். இவ்விரண்டும் அங்கே நிகழாததால், அவை மறைத்து வைத்திருந்த நுண்ணிய விளைவுகள் தெரியவருகின்றன. மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ உருண்டையாக எரிகிறது. சில புரதப் படிகங்கள் தரையில் வளர்வதைவிடச் சீராக வளர்வதால், அவற்றின் அமைப்பை அறிந்து மருந்து வடிவமைக்க அது உதவுகிறது.

சுக்லா 2025 ஜூன் 26 அன்று நிலையத்தை அடைந்து, ஜூலை 15 அன்று பூமிக்குத் திரும்பினார். பச்சைப்பயறும் வெந்தயமும் முளைப்பது, தசைச் செல்களின் மாற்றம், நுண்பாசி ஆகியவை குறித்து இந்திய ஆய்வு நிறுவனங்கள் வகுத்த சோதனைகளை அவர் நடத்தினார். முளைவிட்ட பயறைக் குறித்த நேரத்தில் உறைபெட்டியில் வைத்துத் தரைக்குக் கொண்டுவருவது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆயினும் ஆண்டுக்கணக்காகத் திட்டமிட்ட ஓர் ஆய்வாளரின் கைகளாக வீரர் அங்கே இயங்குகிறார். அவர் சற்றுப் பிசகினாலும் அந்த மாதிரி வீணாகிவிடும்.

கேள்வி (நாகப்பட்டினம், இல்லத்தரசி): குடிநீருக்கு என்ன வழி?

பதில்: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் அனைத்தையும் சேர்த்துத் தூய்மையாக்கிக் குடிக்கிறார்கள், அம்மா. 2023-இல் இந்த மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. நீரின் ஒரு பகுதியை மின்சாரத்தால் பிரித்தே மூச்சுக்கான ஆக்சிஜனையும் பெறுகிறார்கள்.

கேள்வி (வேதாரண்யம், பள்ளி மாணவர்): எங்கள் ஊரிலிருந்து நிலையத்தைப் பார்க்க முடியுமா, சார்?

பதில்: தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம், தம்பி. சூரியன் மறைந்த பிறகோ உதிப்பதற்கு முன்போ, தரை இருட்டாகவும் நிலையத்தின் மீது வெயில் பட்டுக்கொண்டும் இருக்கும் வேளையில், சிமிட்டாத ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்களில் வானத்தைக் கடக்கும். சிமிட்டினால் அது விமானம். கடக்கும் நேரத்தையும் திசையையும் நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' கைபேசிச் செயலியில் உங்கள் ஊருக்கெனப் பார்த்துக்கொள்ளலாம்.