ஒரே வெள்ளத்தில் ஒரு வயல் நெல் அழுகுகிறது, பக்கத்து வயல் பிழைக்கிறது. பயிருக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி கேட்டவர் கூத்தாநல்லூர்ப் பக்கம் சம்பா நட்டவர். எட்டு நாள் தண்ணீர் நின்றதில் தன் வயல் போய்விட்டது, வரப்புக்கு அந்தப் பக்கம் அதே வாரம் நட்ட வயல் தேறிவிட்டது, ஹார்மோன், மரபணு என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு நெருக்கமான கேள்வி இது. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பன்னிரண்டு மா நிலம், அப்பாதான் பார்க்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மழை. விதை போதாமல் அந்த வருடம் பாதி நிலத்தில் சாதாரண சி.ஆர். 1009, மீதியில் அதே ரகத்தின் வெள்ளம் தாங்கும் வடிவமான சி.ஆர். 1009 சப்-1 நட்டிருந்தோம். நட்டு இருபத்தைந்து நாள் ஆன பயிர் ஒன்பது நாள் முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த காலையில் நானும் அப்பாவும் வயலில் இறங்கினோம். சாதாரண ரகம் நீளமாக, வெளிறிப்போய், சேற்றோடு சேறாகப் படுத்திருந்தது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நுனியில் அழுகல் நாற்றம். சப்-1 பார்வைக்கு அதைவிட மோசம். குட்டையாக, இலையெல்லாம் வண்டல் அப்பி நின்றது. ஆனால் குருத்து வரவில்லை. அடித்தாளை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. "ஒன்பது நாளா இது வளரவே இல்லையேப்பா" என்று அப்பா கவலைப்பட்டார். அந்த வளராமல் இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

எப்படி என்று சொல்கிறேன். எல்லாச் செடியும் கொஞ்சம் கொஞ்சமாக எத்திலீன் என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். செடிக்குள் சேதி சொல்லும் பொருள்களைத்தான் ஹார்மோன் என்கிறோம், இதுவும் அதில் ஒன்று. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான். வயலில் காற்றோடு கலந்து போய்விடும். பயிர் முழுகிவிட்டால் போக வழியில்லை, ஏனென்றால் தண்ணீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. எத்திலீன் திசுவுக்குள்ளேயே தேங்குகிறது. நெல்லுக்கு 'முழுகிவிட்டோம்' என்று தெரிவது இதனால்தான். உடனே, வளர்ச்சியை அடக்கிவைக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் குறைகிறது, நீளவைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் ஓங்குகிறது. எப்படியாவது நுனியை வெளியே நீட்டி மூச்சுவிடப் பயிர் துடிக்கிறது. முழங்கால் தண்ணீர் என்றால் இது சரியான முடிவு. இடுப்பளவு தண்ணீர், அதுவும் கலங்கல் என்றால், வெயில் படாமல் மாவுச்சத்து செய்யமுடியாத நேரத்தில் தாளில் சேர்த்துவைத்த சர்க்கரையை எல்லாம் நீளுவதற்கே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் சாய்கிறது.

சப்-1 ரகத்தில் சப்1ஏ என்று ஒரு மரபணு கூடுதலாக இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவதும் அதே எத்திலீன்தான். எழுந்ததும் அது, ஜிப்ரலினுக்குக் கடிவாளம் போடும் புரதங்களைப் பெருக்குகிறது. ஜிப்ரலின் இருந்தாலும் அதன் பேச்சு எடுபடாது. பயிர் நீளாமல், சர்க்கரையைச் செலவழிக்காமல், இரண்டு வாரம்வரை அடங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்தபின் இன்னொரு கண்டம் உண்டு: ஊறிப்போன இலையில் திடீரென்று வெயில் அடித்தால் வாடிச் சுருண்டுவிடும். அப்போது அப்சிசிக் அமிலத்தின் சொல்லைப் பயிர் நன்றாகக் கேட்கும்படி செய்வதும் இதே மரபணுதான்.

இந்த மரபணு ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது. எது அந்த மரபணு என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். பிறகு சாதாரண ஒட்டு முறையிலேயே, மரபணு அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, ஸ்வர்ணா சப்-1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியானது. நம் பக்கத்து 1009-க்கும் அப்படியே சேர்த்தார்கள். 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டதும் மரபணு மாற்றுப் பயிரோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது அது இல்லை.

என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது வேறொன்று. மாதக்கணக்கில் ஆழத் தண்ணீர் நிற்கும் நாடுகளில் ஆள் உயரத்துக்கும் மேல் நீண்டு தப்பிக்கும் நெல் உண்டு. அதில் இருக்கும் ஸ்னார்க்கெல் என்ற மரபணுக்களை 2009-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அவையும் சப்1ஏ குடும்பத்து மரபணுக்கள்தான், அவற்றை எழுப்புவதும் எத்திலீன்தான். ஆனால் அவை இடும் கட்டளை 'நீளு' என்பது. ஹார்மோன் தண்டோரா மாதிரி, சேதியைச் சொல்லும், அவ்வளவுதான். கேட்டவர் என்ன செய்வார் என்பது மரபணுவில் இருக்கிறது.

(ஜிப்ரலினைக் கண்டுபிடிக்கக் காரணமானதும் நெல்தான். நாற்றங்காலில் சில நாற்று மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட ஓங்கி நிற்கும், பிறகு செத்துவிடும். அது ஒரு பூஞ்சை செய்யும் வேலை. பூஞ்சை விடும் ஒரு பொருள்தான் நாற்றை நீளவைக்கிறது என்று 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானியர் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னால் வந்த பெயர்தான் ஜிப்ரலின்.)

வெள்ளத்துக்கு எத்திலீன் என்றால் வறட்சிக்கு அப்சிசிக் அமிலம். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருடம் கடைமடைக் குறுவையைப் பதினொரு மணி வெயிலில் பாருங்கள், இலை ஊசிபோலச் சுருண்டிருக்கும். மண் காயும்போது இந்த அமிலம் கூடி, இலைத்துளைகளை மடை அடைப்பதுபோல அடைக்கச் சொல்கிறது. நீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, வளர்ச்சி நின்றுபோகும்.

நோய், பூச்சி விஷயத்தில் கணக்கு இன்னும் சிக்கலானது. பொதுவாக, உயிருள்ள திசுவில் குடியிருந்து உறிஞ்சும் கிருமிகளுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலம் என்ற ஹார்மோனும், இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனும் முன்னே வரும். ஒன்று ஓங்கினால் பெரும்பாலும் மற்றது தணியும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவைக் கலக்கிறோமே, அது கிருமியோடு நேரடியாக மோதுவது ஒருபக்கம் இருக்க, வேரில் குடியேறி ஜாஸ்மோனிக், எத்திலீன் வழிகளை உஷார்ப்படுத்தியும் வைக்கிறது. பிறகு நோய் வரும்போது பயிர் சீக்கிரம் எதிர்க்கிறது.

பாக்டீரியா இலைக்கருகலைப் பற்றித் தெரிந்தபோது நான் உண்மையிலேயே அதிர்ந்தேன். அந்தக் கிருமி தன் புரதத்தை நெல்லின் செல்லுக்குள் செலுத்தி, சர்க்கரையை வெளியே விடும் நெல்லின் சொந்த மரபணுவையே திறந்துவிடுகிறது. வீட்டுச் சாவியை எடுத்து வீட்டையே திறப்பதுபோல. எக்ஸ்.ஏ. 13 என்ற எதிர்ப்புத் தன்மை என்பது அந்தப் பூட்டு கொஞ்சம் மாறியிருப்பதுதான், கிருமியின் சாவி பொருந்தாது. சம்பா மசூரி எனப்படும் பி.பி.டி. 5204 ரகத்தில் இதோடு இன்னும் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து 2008-இல் மேம்பட்ட சம்பா மசூரி வந்தது.

எதிர்ப்பு பெரும்பாலும் இலவசம் இல்லை. காப்புக்குச் செலவழிப்பதை வளர்ச்சியிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதனால்தான் அப்பாவோடு எனக்கு ஒவ்வொரு மழைக்கும் வாக்குவாதம்: தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியா மூட்டையோடு கிளம்பிவிடுவார். வேர் இன்னும் மூச்சுவிட ஆரம்பிக்கவில்லை, யாருக்குப் போடுகிறோம்? புதுக் குருத்து பச்சையாக வந்தபின் அளவாகப் போடலாம். அளவு மீறினால் இலை கொழகொழவென்று தழைத்து, இலைக்கருகலுக்கும் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் விருந்தாகிவிடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

2021 ஜனவரியில் டெல்டாவில் பெய்த மழை நினைவிருக்கும். முற்றிய கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. விதையைத் தூங்கவைப்பது அப்சிசிக் அமிலம், எழுப்புவது ஜிப்ரலின். முற்றியபின் தூக்கம் ஆழமாக இல்லாத ரகம் நனைந்தால் எழுந்துவிடும். அந்த வேளையில் சப்-1 எதுவும் செய்யாது, அது பயிர் தூர்கட்டும் பருவத்து முழுக்குக்கு மட்டும்தான். நேரடி விதைப்பு செய்து, விதை முளைக்குமுன் தண்ணீர் கட்டிக்கொண்டாலும் சப்-1 உதவாது. காற்றில்லாமல் முளைக்கும் திறனுக்கு வேறு மரபணு வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வயல்காரர் போட்டது சப்-1 தானா, அவர் வயல் கொஞ்சம் மேடா, எத்தனை நாள் நாற்று நட்டார் என்று மூன்றையும் கேளுங்கள். மேட்டு வயலில் நுனி இரண்டு விரல் வெளியே தெரிந்திருந்தாலே கதை வேறு. சப்-1 என்றால், அது வீரிய ஒட்டு ரகம் இல்லை, விதை எடுத்து வைக்கலாம். அறுப்புக்கு முன் அவரோடு வயலில் இறங்கிக் கலவன் (கலந்து முளைத்த வேறு ரகச் செடிகள்) பிடுங்கிவிட்டு, நடு வயலில் உங்களுக்கு வேண்டிய விதைநெல்லைத் தனியாக அறுத்துத் தரச்சொல்லுங்கள். மூட்டையில் மறக்காமல் பெயர் எழுதிவையுங்கள், நெல்லைப் பார்த்து இது 1009-ஆ, சப்-1-ஆ என்று சொல்ல எங்கள் அப்பாவாலும் முடியவில்லை.