கோத்தகிரிக்காரருக்கு மழைக்கடல் ஆகாதா?

கேள்வி: ஆண்டுக்கு ஒருமுறை காமிராவோடு கடலுக்குப் போய்வருவது என் வழக்கம். இந்தக் கார்த்திகையில் தனுஷ்கோடி போனேன். நான்கு நாளும் மேகம், தூறல், காற்று. காமிராவைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. கடலைப் படமெடுக்கத் தோதான மாதம் எது?
வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: சீசனில் தொட்டபெட்டாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். 2,637 மீட்டர் ஏறி வந்து, மஞ்சு மூடியிருந்தால் "ஒண்ணுமே தெரியல, காசு தண்டம்" என்று சலித்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு இறங்கிப் போவார்கள். தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாய்க் கரைவதைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நாம் உள்ளுக்குள் சிரிப்போம். தனுஷ்கோடியில் நீங்கள் அதே பஜ்ஜியைத்தான் தின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அதுவும் எந்த இடத்தில்! அரிச்சல்முனைச் சாலைக்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. அங்குள்ளவர்கள் முன்னதை ஆண்கடல் என்பார்கள், பின்னதைப் பெண்கடல் என்பார்கள். ஆடிக் காற்றுக்கு ஆண்கடல் கொந்தளிக்கும். பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கார்த்திகையில் வாடை வீசினால் நேர்மாறு. நீங்கள் கழுத்தைத் திருப்பியிருந்தாலே போதும், ஒரே மழைக்குள் இரண்டு கடல். வெயில் நாளில் போனால் இரண்டும் நீலம், அவ்வளவுதான்.

நீலத்தின் மேல் இந்த மோகம் கலர் வந்த பிறகு பிடித்தது என்று நினைக்கிறேன். 1960ல் நம் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமெடுத்துப் பழகியவன் நான். அதில் தெளிந்த வானம் வெளிறிப்போன காகிதம்தான். மேகம் திரண்டால்தான் படத்துக்கு உயிர் வரும். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துத்தான் அப்போது கடலுக்குக் கிளம்புவேன்.

சென்ற ஆனியில் கூடலூர், நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கிக் கோழிக்கோடு போனேன். கடல், பால் குறைந்த டீ நிறத்தில் இருந்தது. கரையில் ஒரே ஒரு 'உப்பிலிட்டது' வண்டி, உப்புத் தண்ணீரில் ஊறிய காய், பழம் விற்பது. மேலே கட்டிய தார்ப்பாய் காற்றுக்கு உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. கண்ணாடி ஜாடிகளில் நெல்லிக்காய், அன்னாசித் துண்டு. ஜாடிக்கு உள்ளே உப்புத் தண்ணீர், வெளியே மழைத்துளி, பின்னால் கடல். கடைக்காரர் தன் குடையைக் கொண்டுவந்து பிடித்தார், எனக்கல்ல, காமிராவுக்கு. பதினொரு படம் எடுத்தேன். எட்டு தேறவில்லை. மீதி மூன்றை யார் கேட்டாலும் தரமாட்டேன்.

மஞ்சை எடுக்கத் தெரிந்தவருக்கு நுரையை எடுக்கவா தெரியாது? படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் காமிரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றுங்கள். லென்ஸில் கடல்நீர் தெறித்தால் சட்டை நுனியால் வறட்டுத் துடைப்பு வேண்டாம், உப்புப் பொடி கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். லாட்ஜ் ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது காமிராவைப் பாலிதீன் பையில் கட்டியே கொண்டுபோய், வெளிச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி வியர்த்துவிடும். மழைக்குப் பயந்து பீரோவில் பூட்டினால் மட்டும் என்ன லாபம்? நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் மட்டும் பேசாமல் வீட்டில் இருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் அது. கேரளக் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. இங்கே காற்றே இருக்காது; எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வரும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்கு அது தெரியாது.

மாதம் கேட்டீர்கள். பளிச்சென்ற வானம்தான் வேண்டுமென்றால் ஏப்ரல், மே. ஏப்ரல் 15ம் தேதிக்குப் பிறகு போனால் மீன்பிடித் தடைக்காலத்து விசைப்படகுகளும் வரிசையாக நிற்கும். எனக்குப் பிடித்தது நீங்கள் வெறுங்கையோடு திரும்பிய அதே கார்த்திகைதான். மறுபடி போய் எடுத்து அனுப்புங்கள், அட்டையில் போடுகிறேன். நீலக்கடலும் தென்னையுமாக இருந்தால் தபால் செலவு செய்ய வேண்டாம். அந்தப் படம் அலுவலகத்தில் ஒரு பீரோ நிறைய இருக்கிறது.