டின் விசில் (ஆறு துளை உள்ள சின்ன ஊதுகுழல்) இப்போதுதான் கற்கிறேன். டி (D) சுருதி விசில் வைத்திருக்கிறேன், ஸ்வரங்கள் ஏறி இறங்க வருகிறது, சோக மெட்டு வேண்டாம். சந்தோஷமான, சுலபமான ஐரிஷ் மரபு மெட்டுகளில் எதில் தொடங்கலாம்?

போல்காவில் தொடங்குங்கள், அது ஆட்டத்துக்கு வாசிக்கும் துள்ளலான ஒரு மெட்டு வகை. டி விசில் கையில் இருக்கிறது, ஸ்வரங்கள் ஏறி இறங்க வருகிறது, சோக மெட்டு வேண்டாம் என்கிறீர்கள், அப்படியானால் யோசிக்கவே வேண்டாம்.

விசில் வாங்கியவர்கள் பலர் மெதுவான ஸ்லோ ஏர் மெட்டுகளைத்தான் முதலில் எடுக்கிறார்கள், மெதுவாகப் போவதால் சுலபம் என்ற நினைப்பில். ஆனால் ஒரே ஸ்வரத்தை ஆடாமல் அசையாமல் நீளமாகப் பிடித்து நிறுத்த மூச்சு பழகியிருக்க வேண்டும், அதற்கு நாளாகும். ரீல் என்ற இன்னொரு ஆட்ட மெட்டு வகையிலோ வேகம்தான் உயிர், பாதி வேகத்தில் வாசித்தால் சப்பென்று ஆகிவிடும். போல்கா அப்படி இல்லை. 2/4 தாளம், அதாவது ஒரு அளவுக்கு (bar) இரண்டு தட்டு, பொதுவாக எட்டு எட்டு அளவுகளாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள், அவ்வளவுதான். அயர்லாந்தில் கெர்ரி, கார்க் மாவட்டங்கள் சேரும் எல்லைப் பக்கம் ஷ்லீவ் லூக்ரா என்றொரு வட்டாரம் இருக்கிறது, போல்காவுக்கே பேர்போனது. ஆடுகிறவர்களின் காலுக்காகவே வாசிக்கப்பட்ட இசை என்பதால் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் அந்தத் துள்ளல் போகாது, நீங்கள் தடுமாறிக்கொண்டு வாசிக்கும்போதும் கேட்பவர் கால் தாளம் போடும்.

முதல் மெட்டு 'பிரிட்சஸ் ஃபுல் ஆஃப் ஸ்டிச்சஸ்'. இதற்கு ஐந்தே ஸ்வரம் போதும், ஸ ரி க ப த, அதாவது நம் மோகன ராகத்தின் ஸ்வரங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில் வாசிப்பார்கள், நீங்கள் ஆறு துளையும் மூடி வரும் டி-யையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மெட்டு முழுக்கக் கீழ் ஸ்தாயியிலேயே அடங்கிவிடும், பலமாக ஊதி மேலே போக வேண்டிய வேலையே இல்லை. இதில் ஒரே ஒரு இடம் கவனிக்க வேண்டியது: காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் இடம். காந்தாரத்தில் மேலிருந்து நாலு துளை மூடியிருக்கும், பஞ்சமத்தில் இரண்டு. ஆக இடது கை மோதிர விரலும் வலது கை ஆள்காட்டி விரலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வலது கை விரல் கொஞ்சம் முந்தினாலும் நடுவில் ஒரு மத்யமம் எட்டிப் பார்க்கும், காதுக்கு உடனே தெரியும். அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் தனியாக எடுத்து, மத்யமம் கேட்காமல் போகும்வரை மாற்றி மாற்றி ஊதுங்கள், அப்புறம் மெட்டுக்குத் திரும்புங்கள்.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, 'ரேக்ஸ் ஆஃப் மேலோ'. மேலோ என்பது கார்க் மாவட்டத்தில் ஒரு ஊர். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இந்த மெட்டு ஏற்கெனவே தெரியும், என்ன, பெயர்தான் வேறு! முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், அவைதான் நோட்டு ஸ்வரங்கள். அதில் 'வந்தே மீனாக்ஷி' இந்த ஐரிஷ் மெட்டில்தான் அமைந்திருக்கிறது. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் பாடியிருந்தால் மெட்டு காதில் தயாராக இருக்கிறது, விரல் மட்டும் பழகினால் போதும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, ஏனென்றால் தப்பு எங்கே வருகிறது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதை மட்டும் டி-யில் முயற்சி செய்யாதீர்கள். ஸ-க, ஸ-க என்று தாவித் தொடங்கி, அடுத்து கீழ் நிஷாதத்துக்கு இறங்கும், விசிலில் டி-க்குக் கீழே ஸ்வரமே இல்லை. அதனால் ஜி-யில் (G) வாசிக்க வேண்டும், மேல் மூன்று துளை மூடினால் ஸட்ஜம். அப்போது மத்யமத்துக்கு முதல் துளையைத் திறந்துவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் மூட வேண்டும். ஆரம்பத்தில் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பிடி வந்துவிட்டால் ஜி-யில் இருக்கும் அத்தனை மெட்டும் திறந்துகொள்ளும், எனவே சீக்கிரமே பழகிக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக 'ஈகன்ஸ் போல்கா'. இது டி-யில். தொடக்கமே மேல் காந்தாரத்திலிருந்து கீழ் பஞ்சமத்துக்கு விழும், திரும்ப ஏறும். மேல் ஸ்தாயிக்கு விரல் பிடி அதேதான், காற்றைக் கொஞ்சம் வேகமாக அனுப்ப வேண்டும், அவ்வளவே. பயந்து பயந்து ஊதினால்தான் கீச்சிடும். அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் தாராளமாக ஊதுங்கள். 'ஜான் ரயன்ஸ் போல்கா'வையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம், இரண்டும் அடுத்தடுத்து வாசிக்க அருமையாக இருக்கும்.

இந்த நாலும் தடையில்லாமல் வந்தபிறகு ஜிக் என்ற ஆட்ட மெட்டு வகைப் பக்கம் போகலாம். 6/8 தாளம், தகிட தகிட என்று வாயால் சொல்லிப் பார்த்தால் நடை பிடிபட்டுவிடும். 'கெஷ் ஜிக்' ஜி-யில் இருக்கிறது, பலர் கற்கும் முதல் ஜிக் அதுதான். ஆனால் கட், ரோல் மாதிரி அலங்காரங்களை இப்போது தொடாதீர்கள். மெட்டு சுத்தமாக வராத நிலையில் அவற்றைச் சேர்த்தால் தாளம்தான் முதலில் கெடும்.

வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு மெட்டையும் நன்றாகக் கேளுங்கள், நோட்டேஷனை அப்புறம் பார்க்கலாம். விசிலின் மேல் டி என்றுதான் போட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். கடையில் சி விசிலும் கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு பதிவுகளோடு சேர்ந்து ஊதினால் சுருதி சேராது.