வாசகர் கேள்வி – பதில்: பகைவரின் புலம்பலைப் பாடிய ஈஸ்கிலஸ்

கேள்வி: கிரேக்கத் துன்பியல் நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ், தாம் எதிர்த்துப் போரிட்ட பாரசீகரின் துயரத்தையே நாடகமாக்கினார் என்று வாசித்தேன். தம் மக்களின் துயரத்தை அவர் ஏன் பாடவில்லை?
– வாசகி, முள்ளியவளை

பதில்: ஈஸ்கிலஸ் கி.மு. 490இல் பாரசீகரை எதிர்த்து மரதன் போர்க்களத்தில் நின்றவர். அவருடைய சகோதரர் அங்கே பகைவரின் கப்பலைப் பற்றிப் பிடித்தபோது கை வெட்டுண்டு மாண்டார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பத்து ஆண்டுகளின் பின் பாரசீகர் ஏதென்ஸ் நகரையே எரித்தனர். அதே ஆண்டில் சலாமிஸ் கடற்போரில் தோற்றனர். அந்தத் தோல்வியைக் கூறும் 'பாரசீகர்' நாடகம் கி.மு. 472இல் முதற்பரிசு பெற்றது.

கதை நிகழ்வது பகைவரின் தலைநகரான சூசாவில். போருக்குப் போன மகனை எண்ணித் தீக்கனாக் கண்டு கலங்கும் அரசியிடம், இறந்த தளபதிகளின் பெயர்களைத் தூதுவன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கிரேக்க வீரர் ஒருவரின் பெயரேனும் நாடகத்தில் இல்லை. இறுதியில் கிழிந்த உடையுடன் வரும் அவள் மகன் செர்க்சஸ் மன்னன் புலம்ப, பாடகர் குழுவான முதியோர் மார்பில் அடித்து எதிர்ப்பாட்டுப் பாடுவது, நமது செத்தவீட்டில் ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து அழுவதைப் போன்றது. கிரேக்கரின் வெற்றிப் பெருமிதமும் நாடகத்தில் உண்டு. அதை மறைத்து ஈஸ்கிலஸை வெறும் சமாதானக் கவிஞராகக் காட்டுவது சரியன்று.

தம் மக்களின் துயரத்தைப் பாடியவர் அவருக்கு முன்னரே இருந்தார். ஏதென்ஸியரோடு இனவுறவு கொண்ட மிலேட்டஸ் நகரம் கி.மு. 494இல் பாரசீகரிடம் வீழ்ந்ததை ஏதென்ஸ் நாடக ஆசிரியர் பிரினிக்கஸ் மேடையேற்றியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் ஆடக்கூடாதென்றும் தடுத்தார்கள். தம் இழப்பை நேரே பார்க்க இயலாதிருந்த மக்கள், சூசாவின் தாய்மாரை முன்னிட்டு அழுதிருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கண்ணகி புலம்பும்போது கண்ணீர் விடும் நம் தாய்மார் கோவலனை மட்டுமா நினைக்கிறார்கள்?

கேள்வி: இந்நாடகத்தை எங்கள் ஊர்க் கலைமன்றம் கூத்தாக ஆடலாமா?
– வாசகர், முழங்காவில்

பதில்: தாராளமாக ஆடலாம். பாட்டெழுதி, இசையமைத்து, பாடகர் குழுவைப் பழக்கிய ஈஸ்கிலஸ் செய்தது நம் அண்ணாவியாரின் வேலைதான். ஒருவரே நடித்துவந்த அரங்கில் இரண்டாம் நடிகரைச் சேர்த்தவரும் அவரே. ஆகவே 'பாரசீகர்' நாடகத்துக்கு இரு நடிகரும் நல்ல பிற்பாட்டுக் குழுவும் போதும். நேரம் போதாவிட்டால் வேறு எதையேனும் குறையுங்கள். தூதுவன் சொல்லும் இறந்தோர் பெயர்களை மட்டும் ஒன்றுகூட விடாமல் பாட வையுங்கள்.